படகில் ஒரு ஆள் குறையுது

"எல்லாம் தயார் டீச்சர். நீங்கதான் படகைத் தர மாட்டேங்கறீங்க," என்றார் சிகாமணி.

செலின் படகின் ஈரப் பாயை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியில் அவள் பாய்ப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். தேறியவர்களுக்குப் படகை வாடகைக்கும் விடுவாள். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. சிகாமணிக்கு அறுபத்தொன்று. ஆனாலும் முதல் வகுப்பில், பாயின் அடியில் பிணைத்த பாய்க்கட்டை சுழன்று வந்து மண்டையில் இடித்ததிலிருந்து அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அடி அப்படி.

பாயை விரித்து முடித்துவிட்டு அவள் அவருடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தாள்.

கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். கரையை ஒட்டியே போய், ஒட்டியே திரும்புவது. மொத்தம் இரண்டு வாரம். எங்கே தண்ணீர் பிடிப்பது, எங்கே தங்குவது, யாரிடம் அனுமதி, எல்லாம் முடித்து வைத்திருந்தார் மனுஷர். ரயில்வேயில் கால அட்டவணை போட்டுப் போட்டே ஓய்வு பெற்றவர். வேலை விட்டதே தவிர, அந்தப் பழக்கம் எங்கே விட்டது?

"பரங்கிப்பேட்டை, காலை பதினொண்ணு இருபது," என்று படித்தாள் செலின். "இதைக் காத்துகிட்ட சொல்லியாச்சா சார்?"

"காத்து லேட்டா வந்தா, அதுக்கும் இடம் விட்டிருக்கேன் டீச்சர்."

"அக்காவுக்கு என்ன வேலை?"

அக்கா என்றது சிகாமணியின் மனைவி வசுமதியை.

"அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது," என்றார் சிகாமணி, பெருமையாக. "ராணி மாதிரி உட்கார்ந்து வந்தா போதும்."

செலின் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

முகத்துவாரத்தைத் தாண்டியதும் அவள் ஒரு மஞ்சள் கேனைத் தூக்கிக் கடலில் போட்டாள்.

"ஆள் விழுந்துடுச்சு! காப்பாத்துங்க சார்!"

சிகாமணி பாய்ந்தார். கயிற்றைத் தளர்த்தினார், சுக்கானைத் திருப்பினார், குனிந்து பாய்க்கட்டைக்குத் தப்பினார், மறுபடி கயிற்றை இழுத்துக் கட்டினார். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தபடியே. ஒரு தப்பு இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். எந்தப் பக்கமும் அலைதான். கேனைக் காணோம்.

"எங்க டீச்சர் அது?"

"நீங்கதானே காப்பாத்தப் போனீங்க?"

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் செலினே சுக்கானை வாங்கி நேராகக் கேனிடம் ஓட்டினாள். அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இது கேனு. அக்காவா இருந்தா?" என்றாள்.

சிகாமணி குனிந்து கேனை எடுத்துப் படகில் வைத்தார்.

"உங்க படகுல ஒரு ஆள் குறையுது சார். அந்த ஆளோட வாங்க, படகு தரேன்."

அடுத்த வாரமே ஆளோடு வந்தார். கடலூர்க்காரர், முப்பது வருஷம் கடலில் கிடந்தவர், பெயர் அஞ்சப்பன். செலின் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை எல்லாம் பேசி, மரியாதையாகப் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

"தங்கமான மனுஷன். குறையற ஆள் இவர் இல்ல சார்."

அதற்கடுத்த வாரம் ஒரு கருவி வாங்கி வந்தார். உடம்பில் கட்டிக்கொண்டால், கடலில் விழுந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று அதுவே கத்திச் சொல்லுமாம்.

"நல்ல சாமான். கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க," என்றாள் செலின். "ஆனா ஆள் இன்னும் குறையுது."

சிகாமணிக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்களும் என்னை இழுத்தடிச்சா நான் எங்க டீச்சர் போவேன்?" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பாவம், அழுகைக்கும் காரணம் இருந்தது. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த விழுப்புரத்து வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. சண்டை இருந்தாலும் தேவலை. சாப்பாடு வச்சாச்சு, பால் வந்தாச்சு, சாவி ஆணியில இருக்கு. அவ்வளவுதான் நாள் முழுக்க. நாலு மாதத்துக்கு முன்னால் வசுமதி, கோயம்புத்தூருக்குத் தங்கை வீட்டோடு போய்விடுகிறேன் என்றாள். அதையும் கோபமாகச் சொல்லவில்லை, பால் வந்தாச்சு என்கிற அதே குரலில் சொன்னாள். அதுதான் அவரைக் கலக்கிவிட்டது.

கல்யாணமான புதிதில் தரங்கம்பாடிக் கரையில் நின்று, தூரத்தில் போன ஒரு பாய்ப் படகைப் பார்த்து, "நாமளும் ஒரு நாள் அதுல போகணும்," என்று வசுமதி சொன்னாளாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை பாடு.

செலின் அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா இந்தப் படகைப் பார்த்திருக்காங்களா சார்?"

"இல்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லலாம்னு..."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

வசுமதி வந்தாள். சுடிதார், மூக்குக் கண்ணாடி, தோளில் கைப்பை. கோயம்புத்தூர் டிக்கெட் எடுத்தாயிற்று என்று வரும் வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டிருந்தாள். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

திட்டத்தைக் காட்டினார். முழுக்கப் படித்துவிட்டு அவள் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"வீட்டுல பேசாதவர் கடல்ல வந்து என்ன பேசப் போறீங்க?" என்று கேட்டாள். "அங்கே சோபா. இங்கே பலகை. நான் உட்கார்ந்துதானே இருக்கப் போறேன்?"

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அக்கா, வந்தது வந்துட்டீங்க. ஒரு சுத்து போகலாம்," என்று செலின் கைப்பையை வாங்கிக் கரையில் வைத்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள். வாரை இழுத்து இறுக்கினாள். வசுமதி வேண்டாம் என்று சொல்வதற்குள் படகு கரையைவிட்டுக் கிளம்பிவிட்டது.

முகத்துவாரம் தாண்டியது. நல்ல காற்று, ஆளைத் தள்ளாத காற்று.

"சார், குதிங்க."

"என்னது?"

"ஜாக்கெட் போட்டிருக்கீங்க, நீச்சல் தெரியும். குதிங்க."

"ஐயோ, அவர் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடறவர்!" என்றாள் வசுமதி.

"அக்கா, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. சாரைப் பார்த்துக் கையை நீட்டணும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கை அவரை விட்டு நகரக் கூடாது, கண்ணும் நகரக் கூடாது. பின்னாடி பாய் படபடன்னு அடிக்கும், நான் கத்துவேன், எதுக்கும் திரும்பாதீங்க. உங்க கை எங்கயோ அங்கதான் நான் படகைக் கொண்டுபோவேன்."

"நான் விட்டுட்டேன்னா?"

"சாரை அப்புறம் தேடணும்."

வசுமதி அவரைப் பார்த்தாள். சிகாமணி குதித்தார்.

உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கியபோது படகு போய்க்கொண்டிருந்தது. அது நிற்காது, நின்ற இடத்தில் திரும்பவும் திரும்பாது என்று அவருக்குத் தெரியும். பெரிய அலை ஒன்று எழும்பிப் படகை மறைத்தது.

அலை இறங்கியது.

ஒரு கை தெரிந்தது. நேராக அவரை நோக்கி நீண்டிருந்தது.

படகு வளைந்தது. பாய் படபடத்தது. செலின் ஏதோ கத்தினாள். கட்டை வசுமதியின் தலைக்கு மேலே விசிறிக்கொண்டு போனது, அவள் குனிந்தாள், குனிந்தபடியே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை. இரண்டு கண்ணாலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு அலை மறைத்தது. இறங்கியபோது அந்தக் கை அங்கேயே இருந்தது.

சிகாமணி நீந்தவில்லை, கூப்பிடவும் இல்லை. மிதந்தபடி அந்த முகத்தையே பார்த்தார். நெற்றியோரம் அவளுக்கு இவ்வளவு நரைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

படகு பக்கத்தில் வந்து வேகம் தளர்ந்தது. செலின் ஏணியைப் போட்டு அவரை இழுத்தாள். தொப்பென்று பலகையில் வந்து விழுந்தார்.

வசுமதி இன்னும் கையை இறக்கவில்லை. விரல் அவர் நெஞ்சில் இடித்தது.

"இறக்கு வசு. வந்துட்டேன்ல."

"ரெண்டு தடவை காணாமப் போயிட்டீங்க," என்றாள் வசுமதி. "ரெண்டு தடவை." அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மாத்திரை போட்டீங்களா காலையில?"

"போடல."

"போடலையாம்!"

செலின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிகாமணி கேட்டார்.

"டீச்சர், இப்பவாவது படகு தருவீங்களா?"

"இன்னும் பாதி ஆள் குறையுது சார்," என்றாள் செலின். வசுமதியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அடுத்து நீங்க."

"நானா? எனக்கு நீச்சலே தெரியாது!"

"ஜாக்கெட் மிதக்கும். கயிறும் கட்டிவிடறேன். பயமா இருந்தா வேணாம், திரும்பிப் போயிடலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

வசுமதி தண்ணீரைப் பார்த்தாள். தூரத்தில் கரையைப் பார்த்தாள். அங்கே கைப்பை இருந்தது, கைப்பையில் டிக்கெட் இருந்தது.

செலின் ஜாக்கெட்டில் கயிற்றைக் கட்டியதும் வசுமதியே முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சிகாமணியிடம் நீட்டினாள்.

"பிடிங்க. இது இல்லாம எனக்கு நீங்க தெரிய மாட்டீங்க."

அவர் வாங்கிக்கொண்டார்.

"வேற எங்கயும் பார்க்க மாட்டீங்களே?"

சிகாமணி ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினார்.

வசுமதி மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.