கூரையும் அடுத்த அப்டேட்டும்

அகிலாண்டம்மாள் மலையடிவாரத்து ஆசிரமத்தின் குரு. தையல்நாயகி அவருடைய சீடர். சீடர்தான் வயதில் மூத்தவர். அதனால் குரு அவரை அக்கா என்பார், அவர் குருவை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

ஆசிரமத்து வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது தையல்நாயகியின் பொறுப்பு. முன்பெல்லாம் காலைப் பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, இன்றைக்கு நான் இன்னது செய்கிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்கள். சொன்னதைச் செய்யாமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். டவுனிலிருந்து தொண்டு செய்ய ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு அது போதவில்லை. அவர்கள் காலையில் இருப்பதில்லை. யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், எது பாதியில் நிற்கிறது என்று போனிலேயே பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றார் தையல்நாயகி.

"வாங்குங்க அக்கா" என்றார் குரு.

ஒரு கம்பெனியின் விற்பனை ஆள் வந்தார். ரெக்ஸ்லின் என்று பெயர். லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ணமாகக் காட்டினார்.

"தமிழ்ல வருமா தம்பி? இங்க பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அடுத்த அப்டேட்ல வந்துடும் மேடம்."

தையல்நாயகி காத்திருந்தார்.

ஆசிரமம் நடத்தும் சின்னப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரையை மழைக்கு முன்னால் மாற்ற வேண்டியிருந்தது. மரம் வந்து இறங்கிவிட்டது. ஆட்களும் தயார்.

"அக்கா, நான் எப்ப வரட்டும்?" என்று தச்சர் மாடசாமி கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. சாஃப்ட்வேர் வந்ததும் எல்லார் பேரையும் ஏத்திடறேன். இப்ப ஒரு தடவை பிரிச்சுக் கொடுத்து, அப்புறம் அதுல ஒரு தடவை ஏத்தணுமா? ரெட்டை வேலை."

"என்னை எதுல வேணாலும் ஏத்துங்க. கடைசியில கூரை மேல ஏத்தினாச் சரி."

இருவரும் சிரித்தார்கள்.

அப்டேட் வந்தது. தமிழ் வரவில்லை.

"பிளான் மாறிடுச்சு மேடம்" என்றார் ரெக்ஸ்லின் போனில். "நெட் இல்லாமலே ஓடுற மாதிரி முதல்ல பண்றாங்க. உங்க மலைக்கு அதுதானே முக்கியம்?"

அதுவும் சரிதான் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. பிறகு அதுவும் தள்ளிப்போனது. அதற்குப் பதில் எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்றார் ரெக்ஸ்லின். கடைசியில், இந்தச் சாஃப்ட்வேரையே இன்னொன்றோடு சேர்க்கப்போகிறார்கள், அதுவரை எதையும் ஏற்ற வேண்டாம் என்றார்.

பக்கத்தில் இருந்த குரு போனை வாங்கினார்.

"தம்பி, உங்க ஆபீஸ்ல வேலையை எதுல பிரிச்சுக்கறீங்க?"

"வாட்ஸ்அப் குரூப்லதாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ரெக்ஸ்லினே சிரித்துவிட்டார்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பறையின் நடுச்சட்டம் முறிந்து ஓடுகள் உள்ளே விழுந்தன. லீவு நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் பூட்டச் சொன்னார்கள். கூரையைச் சரிசெய்து காட்டினால் திறக்கலாம், அதுவரை பிள்ளைகள் நாலுவழிச் சாலைக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்றார்கள். பெரிய பிள்ளைகள் போனார்கள். சின்னவர்கள் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தையல்நாயகி குருவிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"அம்மா, இந்தக் கம்பெனியை விட்டுடவா? வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அவங்க வர்ற வருஷம் கட்டாயம் தமிழ் தர்றாங்களாம். இல்ல, இவங்களே சேர்த்து முடிக்கட்டும்னு இருக்கவா? மறுபடியும் தப்பாத் தேர்ந்தெடுத்துடுவேனோன்னு தூக்கமே இல்ல."

குரு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க, நடப்போம்."

பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முறிந்த சட்டம் பெஞ்சின் குறுக்கே கிடந்தது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி கரைந்து வழிந்திருந்தது.

விறகுக் கட்டோடு வந்த பேச்சியம்மாள் நின்றார். அவர் மகள் அங்கே இரண்டாம் வகுப்புப் படித்தவள்.

"என்ன தாயி, அந்தக் கம்ப்யூட்டர் சாமான் வந்துருச்சா?"

"இன்னும் இல்ல பேச்சி" என்றார் தையல்நாயகி.

"மெதுவா வரட்டும். எம் மகளுக்கு இப்ப அவசரம் ஒண்ணுமில்ல. ஆடுதான மேய்க்கிறா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பக் கூடாதா?"

"லாரி போற போக்கைப் பாத்திருக்கீங்களா? தெனமும் நீங்க வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா?"

பேச்சியம்மாள் கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அம்மா, முதல்ல கூரையைப் பாருன்னு."

"சொல்லியிருக்கலாம்." குரு ஜன்னல் கம்பியை விடவில்லை. "எந்தச் சாஃப்ட்வேர் நல்லதுன்னு நீங்க கேட்டீங்க. நானும் அதையே யோசிச்சுட்டு இருந்துட்டேன்."

"இப்ப எதை வாங்கட்டும் அம்மா?"

"நாளைக் காலையில மாடசாமி இங்க வந்து நிக்கணும். உங்க கையில இருக்கறதுல எது அவரைக் கொண்டுவரும்?"

"போன் பண்ணினாலே வந்துடுவார்."

"பண்ணுங்க."

அங்கேயே நின்று பண்ணினார். மாடசாமி வருகிறேன் என்றார். எதற்கு இவ்வளவு நாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது தையல்நாயகிக்கு.

"அப்ப சாஃப்ட்வேர் வேண்டாமா?"

"வேணும். இருக்கறதுல ஒண்ணை வாங்குங்க."

"அதையும் அவங்க மாத்திட்டா?"

"மாத்தட்டும். அதுக்குள்ள ஓடு போட்டிருப்போம்."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூரை போட்டுட்டா பேச்சி மக திரும்பி வந்துடுவாளா? வந்துடுவான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"சொல்ல மாட்டேன் அக்கா. சொன்னா, நீங்க அதுக்கும் காத்திருப்பீங்க."