பூஜ்யம் வாங்கிய அடுக்குச் செம்பருத்தி

அநியாயம் நடந்தது ரிஸ்வானாவுக்கு. பூவில் கண்டதை அப்படியே அட்டையில் ஒட்டினாள். அதற்குப் பூஜ்யம் போட்டார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மகளிர் கல்லூரியில் தாவரவியல் செய்முறைத் தேர்வு. ஆளுக்கோர் அடுக்குச் செம்பருத்தி. பூவின் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து ஒட்டி, அது எந்த உறுப்பு என்று எழுத வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

சுடர்க்கொடி வெளிச்சுற்றில் இருந்த ஐந்தை மட்டும் ஒட்டி, "இதழ்கள் ஐந்து" என்றாள். உள்ளே சுருண்டிருந்த பதினெட்டும் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் முளைத்தவையாம், குப்பைக்குப் போயின. பெனிட்டாவுக்கு அந்த யோசனையே இல்லை. சிவப்பாய், மெல்லிசாய் இருந்ததெல்லாம் இதழ். "இருபத்து மூன்று."

ரிஸ்வானாவின் ஊசி இரண்டு துண்டுகளிடம் நின்றுவிட்டது. பார்த்தால் அகலமான சிவப்பு இதழ். ஓரத்திலோ மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மூன்று வரிசை ஒட்டினாள்: இதழ்கள் ஐந்து, இதழாகிவிட்ட மகரந்தத்தாள்கள் பதினாறு, பாதி வழியில் நிற்பவை இரண்டு.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சதாசிவம் அட்டையைத் தள்ளினார். "புத்தகம் படிச்ச பொண்ணுக்கும் மார்க் போட்டேன், கண்ணால பார்த்த பொண்ணுக்கும் போட்டேன். முடிவெடுக்கத் தெரியாத பொண்ணுக்கு என்னம்மா போடறது?"

இந்தப் பூஜ்யம் நின்றால் ரிஸ்வானா தேற மாட்டாள். கைக்கு வந்த எம்.எஸ்சி. இடமும் போகும். மதிப்பெண் உறையை ஒட்டப் பத்தே நிமிடம்.

"பேசாம வாடி, அரியர் போட்டுடப் போறார்," என்று கையை இழுத்தாள் பெனிட்டா.

"அதான் போட்டாச்சேடி! இனிமே எனக்கென்ன பயம்?"

திரும்பிப் போய் மேசை முன் நின்றாள்.

மூவரில் யார் எழுதியது சரி? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: ரிஸ்வானா எழுதியதே. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தாள் சுடர்க்கொடி. அது என்னவாக ஆனது என்று மட்டும் பார்த்தாள் பெனிட்டா. அந்த இரண்டு துண்டுகளுக்கு இருவர் அட்டையிலும் இடமில்லை. ரிஸ்வானா கேட்டதும் இதைத்தான்: "இது வெறும் இதழ்னா மகரந்தம் எப்படி சார் வந்தது? வெறும் மகரந்தத்தாள்னா இவ்வளவு அகலம் எதுக்கு?" சதாசிவம் அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள். பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த துறைத்தலைவியிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் ஒத்தைச் செம்பருத்தியா வாங்கி வைங்கம்மா."