மஞ்சளாய் வந்த ஆறு

முன்னொரு காலத்தில் கொழுந்தாற்று நாட்டை விசயகண்டன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டான் என்றால், காலையில் ஓர் ஆணை போட்டு மாலையில் அதை மறந்துவிடுவான். மிச்சத்தை மந்திரி அறவாழி பார்த்துக்கொண்டார்.

ஆற்றை மட்டும் அவர் தொட முடியாது. அதற்குத் தனி அதிகாரி, நீர்நாயகம் மகுடேசர். எந்த ஊர் எந்த மடையைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுப்பவர் அவர். தண்ணீர் சுத்தமாக ஓடுகிறதா என்று பார்ப்பவரும் அவரே. மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அறவாழி தும்மினால்கூட அரசன் காதில் போய் ஓதுவார்.

வெள்ளிதோறும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர் ஒரு குடம் சபைக்கு வரவேண்டும் என்பது வழக்கம். வாயைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்திருக்கும். மகுடேசர் முத்திரையை உடைப்பார். வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றுவார். "தெளிவு, தித்திப்பு" என்பார். மலையடிவாரத்துக்கும் அதே இரண்டு சொல், கடலோரத்துக்கும் அதே இரண்டு சொல். நாடே தித்தித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைமடை ஊரிலிருந்து கூத்தாயி என்ற பெண் தன் குடத்தோடு சபையில் வந்து நின்றாள். சொந்தமாக நிலம் வைத்து உழுபவள். குடத்துத் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருந்தது. மேலே சாயப்பட்டறை வந்ததிலிருந்து ஆறு இப்படித்தான் ஓடுகிறது என்றாள். மாடு வாய்வைக்க மாட்டேன் என்கிறது. பால்பிடிக்கிற நேரத்தில் நெல் கருகுகிறது. பட்டறை மகுடேசரின் மைத்துனனுடையது என்று சபையில் அனைவருக்கும் தெரியும். ஆகவே அனைவரும் கூரையைப் பார்த்தார்கள்.

மகுடேசர் குடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"முத்திரை எங்கே?"

"தண்ணிக்கு எதுக்குங்க முத்திரை? கண்ணால பாருங்க."

"முத்திரை இல்லாதது அரசாங்கத் தண்ணீர் அல்ல, மன்னா. இவள் எதையும் கலந்திருக்கலாம். கடைமடையின் முத்திரைக் குடம் இதோ இருக்கிறது. தெளிவு, தித்திப்பு. பொய்ப்புகார் சொன்ன ஊருக்கு மடை அனுமதி ரத்து. சட்டம் அப்படி."

அரசனுக்குச் சட்டம் என்ற சொல் பிடிக்கும். அடுத்த வெள்ளிக்குள் புகாரை மெய்ப்பிக்காவிட்டால் கடைமடையின் மடையை அடைத்துவிடுங்கள் என்றான். அடைத்தால் கருகாத நெல்லும் காய்ந்துபோகும். அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அறவாழியும் சொல்லவில்லை. அவர் குடம் சுமந்து வந்தவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து நடந்து வந்தவன் காலில்கூடப் புழுதி இல்லை. சபை கலைந்ததும் அவனிடம் போய், முத்திரையை எங்கேயப்பா வைக்கிறீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். வழியில் அரக்கு உடைந்துபோகிறது, அதனால் கோட்டைவாசலுக்கு வந்த பிறகுதான் வைக்கிறோம், நீர்நாயகம் ஐயாவின் ஏற்பாடு என்றான் அவன். ஒளிக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கோட்டைவாசலை ஒட்டி யானைக் கொட்டடி. கொட்டடிக்குப் பின்னால் ஒரு கிணறு. நல்ல கிணறு. தெளிவு, தித்திப்பு.

வாசலில் முகம் வாடி நின்ற கூத்தாயியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கேயே இரு அம்மா. வாயைத் திறக்காதே."

"மடையை அடைச்சிட்டா ஊருக்கு நான் என்னங்க பதில் சொல்லுவேன்?"

"அதற்குத்தான் வாயைத் திறக்காதே என்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. குடங்களும் வந்தன. மகுடேசர் மலையடிவாரத்துக் குடத்தின் முத்திரையை உடைத்தார், அரசனைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தில் ஊற்றினார், "தெளிவு, தித்திப்பு" என்றார்.

அரசன் கிண்ணத்தைப் பார்த்தான். "மஞ்சளாக இருக்கிறதே, மகுடேசரே?"

மகுடேசர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். அசரவில்லை. அங்கே மஞ்சள் அறுவடை, ஆற்றில் கழுவியிருப்பார்கள் என்றார். அடுத்தது கடலோரத்துக் குடம். அதுவும் மஞ்சள். அங்கே உப்பைத் தவிர எதுவும் விளையாதே என்று அறவாழி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். கடைமடைக் குடத்தின் முத்திரையை உடைத்தார்கள். கோயில் மஞ்சள்நீர்போல இருந்தது.

"நாடு முழுக்க ஒரே நாளில் மஞ்சளாகிவிட்டதா?" என்றான் அரசன்.

"நாடு ஆகவில்லை மன்னா. உங்கள் யானைக் கொட்டடிக் கிணறு ஆகியிருக்கிறது. விடியுமுன் இவர்கள் இருட்டில் மொள்ள வருவதற்குள் நான்தான் ஒரு மூட்டை மஞ்சள்தூள் கொட்டச் சொன்னேன்."

"என் யானைகள் எதைக் குடிக்கும்?"

"ஆற்றுக்கு ஓட்டிவிட்டேன். அவை முத்திரை கேட்பதில்லை."

குடம் சுமந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலில் விழுந்தார்கள். அரசன் சீறுவானா சிரிப்பானா என்று யாருக்கும் புரியவில்லை. அவனுக்கே புரிந்ததா என்பது சந்தேகம். கடைசியில் சிரித்தான். மகுடேசரை என்ன செய்யலாம் என்று சபையைக் கேட்டான். போன வாரம் கூரையைப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போது மொட்டை, கழுதை, கசையடி என்று தாராளமாகச் சொன்னார்கள். அரசன் கூத்தாயி பக்கம் திரும்பினான்.

"அடிக்கவெல்லாம் வேண்டாம் மகராசா," என்றாள் அவள். "எங்க ஊர் ஆத்தோரம் ஒரு வீடு காலியா கிடக்கு. ஐயா குடும்பத்தோட வந்து இருக்கட்டும். நாங்க குடிக்கிற தண்ணியையே குடிக்கட்டும்."

அரசன் தொடையைத் தட்டினான். அப்படியே ஆகட்டும் என்றான். கடைமடையின் மடை திறந்தே இருக்கவேண்டும். பட்டறையை மூடவேண்டும். ஆறு தெளியும்வரை மகுடேசருக்கு வேறு ஊர் இல்லை. அறவாழிக்கு ஒரு முத்துமாலையும், அவர் கேட்காத நீர்நாயகம் பதவியும் கிடைத்தன.

அரசன் ஆணையை மறப்பதற்குள் எழுதி வாங்கி, குதிரைவீரனிடம் கொடுத்தனுப்பினார் அறவாழி. வீரன் பட்டறைக்குப் போனபோது அடுப்புகள் ஏற்கெனவே அணைந்திருந்தன. வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. உள்ளே மகுடேசரின் மனைவி தன் தம்பியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் என் பிள்ளைகளும் இதைக் குடிக்கணுமாடா?"

கடைமடையில், கருகியது போக மிச்ச நெல் விளைந்தது.