மீன் தின்னாத ஆட்காட்டி

கோரைக்குள் ஒளிந்துகொண்டு, "மீனையெல்லாம் அவள்தான் தின்றாள்" என்று முதலில் சொன்னது நீதான். ஆட்காட்டிக் குருவி பூச்சிதான் தின்னும், மீனைத் தொடாது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சொன்னாய்.

தன் ஏரி வறண்டுபோனதால் அந்த ஆட்காட்டி காட்டுக் குளத்துக்கு வந்தாள். அங்கே பெரியதனம் பண்ணிக்கொண்டிருந்த கொக்கண்ணனிடம் வந்த அன்றே பேரம் பேசினாள். கரையில் முட்டையிட ஒரு முழம் வெறும் தரை போதும், குளத்துக்கே காவல் இருக்கிறேன் என்றாள். கொக்கண்ணன் சரியென்றார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. தண்ணீர் இறங்கியது, மீன் குறைந்தது. வானத்தோடு யார் சண்டை போடுவது? அப்போதுதான் கோரைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. குளமே அதைத் திருப்பிச் சொன்னது.

கொக்கண்ணன் அவளிடம் வந்தார். "முட்டை பொரிகிற வரைக்கும் இருந்துக்கோ. ஆனால் உன் ஊர்ச் சத்தம் இங்கே கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கே கிளம்பணும்."

"கத்தாமல் எப்படி அண்ணே காவல் இருப்பது?"

"இனிமேல் உன்னை யாரும்மா காவலுக்குக் கூப்பிட்டது?"

நான்கு முட்டைக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். முன்பெல்லாம் குஞ்சுகளோடு வந்து பேசிவிட்டுப் போகும் அதே குளத்து நீர்ப்பறவை தாழைக்கோழி, இப்போது சுற்றுவழியில் போனாள். ஆட்காட்டி முட்டைகளிடம்தான் பேசினாள், அதுவும் முனகலாக.

பொரிய இரண்டு நாள் இருக்கும்போது, நடுப்பகலில் நரி வந்தது. அது முட்டைகளைப் பார்க்கவே இல்லை. சேற்றில் மேய்ந்த தாழைக்கோழிக் குஞ்சுகளை நோக்கிப் பதுங்கிப் போனது. சும்மா இருந்திருந்தால் அவள் முட்டைகள் தப்பியிருக்கும். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கரையே அதிரக் கத்தினாள்.

குஞ்சுகள் கோரைக்குள் பாய்ந்தன. ஏமாந்த நரி சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவள் ஒற்றை ஆளாக அதன் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். கொக்கண்ணன் அலகை நீட்டி ஓரடி முன்னே வந்திருந்தால் போதும், நரி ஓடியிருக்கும். ஒருத்தரும் வரவில்லை. நான்கு முட்டையையும் தின்றுவிட்டு நரி வாயை நக்கிக்கொண்டு போனது.

"சொன்ன சொல்லை மீறிட்டே," என்றார் கொக்கண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மீறிட்டேன் அண்ணே. கிளம்புறேன்."

தாழைக்கோழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொக்கண்ணனைப் பார்த்தாள். குனிந்து புல்லைக் கொத்தத் தொடங்கினாள்.

மறுவாரம் நரி மறுபடி வந்தது. கத்த ஆளில்லை. இப்போது தாழைக்கோழியும் தனியாகத்தான் மேய்கிறாள். மீன் மட்டும் இன்னும் கூடவில்லை.

பிழைக்க வந்தவரின் வாயை அடைக்கிற ஊர், தன் ஆபத்தில் குரலில்லாமல் சாகும். அதனால் கோரைக்குள் இருக்கிறவனே, வெளியே வா, அவள் எங்கே இருந்தாலும் தேடிப் போ, நான் சொன்னது பொய் என்று உன் வாயாலேயே சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வா.