விழவேண்டியவர் தணிகாசலம்

செண்பகவல்லி ஃபிளாட்ஸில் நான்கு மாடி, ஒரே படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. ஆனால் அறிவுக்கு மட்டும் அங்கே என்றைக்கும் குறைவிருந்ததில்லை. இதை அங்கே குடியிருந்த நூறு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வெளியாட்கள் யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

மூன்றாம் மாடித் தணிகாசலம் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். கொடுத்த வேலையைத் தட்டாமல் செய்கிறவர். பாவம், அவருக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத் தலைவர் பரிபூரணம் ஒரு ஆபத்து நிபுணரைப் பேச அழைத்து வந்தார். நிபுணர் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் மனதில் தங்கியது ஒரே ஒரு வரி: "இந்த மாதிரிக் கட்டடங்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒருவர் படிக்கட்டில் விழுகிறார்." நிபுணர் டீயைக் குடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கிப் போய்விட்டார்.

செயலாளர் சிகாமணி வீடு வீடாகப் போய்த் தலைகளை எண்ணினார். சரியாக நூறு. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆள் வெளியில இல்ல. நமக்குள்ளதான் இருக்காரு."

மறுநாள் முதல் யாரும் படியிறங்கவில்லை. பால் கூடையில் ஏறியது, குப்பை அதே கூடையில் இறங்கியது. சிகாமணி வீட்டில் ஒருநாள் மாற்றிக் காய்ச்சிவிட்டதாகப் பேச்சு. நான்காம் நாள் அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"யாருன்னு தெரியாததுதான் பயம்," என்றார் பரிபூரணம். "தெரிஞ்சுட்டா மத்த தொண்ணூத்தொம்பது பேரும் நிம்மதியா நடக்கலாமே."

"தொட்டில்ல கிடக்கிற குழந்தையையும் சேர்த்தா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"புள்ளிவிவரத்துக்கு வயசு கிடையாது."

தணிகாசலத்தின் மனைவி அபரஞ்சி பின்வரிசையிலிருந்து கேட்டாள்: "ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு படி உடைஞ்சு கிடக்கே. அதைப் பூசிட்டா என்ன?"

கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"படியைப் பூசிட்டா, விழவேண்டியவர் எங்கேம்மா போய் விழுவார்?" என்று சிகாமணி பொறுமையாக விளக்கினார்.

சீட்டுக் குலுக்கினார்கள். தணிகாசலத்தின் பெயர் வந்தது. பலத்த கைதட்டலுக்கு நடுவே பரிபூரணம் அவருக்கு மாலை போட்டார். தணிகாசலம் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பயத்தோடு பார்த்துக்கொண்டார். ஆனால் ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட இவ்வளவு பெரிய மாலை போடவில்லையே என்றும் அவருக்குத் தோன்றியது.

"என்னால முடிஞ்சதைச் செய்யறேன்," என்றார்.

அன்றோடு மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். எண்ணெய்த் தூக்கோடு ஓடினார்கள். தணிகாசலம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"விழணும்னு நினைச்சுக்கிட்டுதான் இறங்கறேன் அபரஞ்சி. கால்தான் கேட்க மாட்டேங்குது."

இரண்டு மாதம் ஓடியது. புதுசாகக் கல்யாணமானவர்களை விசாரிப்பதுபோல, எதிரே வருகிறவர்கள் எல்லாம், "என்ன சார், இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று அவரை விசாரித்தார்கள்.

அப்புறம் ஒருநாள் விழுந்தது பரிபூரணம். வலது கால் எலும்பு முறிந்தது. அன்று மாலையே சிகாமணி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: 'தலைவர் விழுந்தது அனுமதியற்ற விழுதல். விழவேண்டியவர் இன்னும் விழவில்லை. அனைவரும் வழக்கம்போல் அச்சமின்றி நடமாடவும்.'

அச்சமின்றி நடமாடியதில் அந்த வாரமே இன்னும் ஆறு பேர் விழுந்தார்கள். ஆறும் செல்லாது என்று சங்கம் தீர்மானம் போட்டது.

"நீங்க ஒழுங்கா விழுந்திருந்தா எங்களுக்கு இந்தக் கதி வருமா?" என்று மாவுக்கட்டோடு கேட்டார் பரிபூரணம்.

தணிகாசலம் கூனிக் குறுகிப்போனார். சாப்பாடு இறங்கவில்லை. மனசு ஆறட்டும் என்று அபரஞ்சி அவரைச் சேலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அதுவும் ஒரு அடுக்ககம்தான்; பளபளவென்று டைல்ஸ் பதித்த படிக்கட்டு. இங்கே நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அவர் வீசி நடந்தார். இரண்டாம் நாள் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. வலியைவிட, நம்ம படியில் விழாமல் போய்விட்டோமே என்றுதான் அழுதார்.

சேதி தெரிந்ததும் சிகாமணி சேலத்து அடுக்ககச் சங்கத்துக்கு எழுதினார்: 'எங்களைச் சேரவேண்டிய விழுதல் ஒன்று தவறுதலாகத் தங்கள் படிக்கட்டில் நடந்துவிட்டது. அன்புகூர்ந்து எங்கள் பெயருக்கு மாற்றித் தரவும்.'

பத்தே நாளில் பதில் வந்தது: 'எங்கள் கட்டடத்திலும் நூறு பேர்தான். இந்த வருஷம் விழப்போவது யாரென்று நாங்களும் கலங்கிக்கிடந்தோம். தங்கள் தணிகாசலம் புண்ணியத்தில் அத்தனை பேரும் தப்பித்தோம். எனவே விழுதலைத் திருப்பித் தர இயலாது. அடுத்த வருஷமும் அவரையே அனுப்பிவைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.'

செண்பகவல்லி ஃபிளாட்ஸ் கொதித்தது. அடுத்த வாரமே வேன் பிடித்துப் போய்த் தணிகாசலத்தை மாவுக்கட்டோடு கொண்டுவந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, சிகாமணியும் இன்னும் மூன்று பேரும் அவரை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் வீட்டுக்குப் போகட்டும், கால் கூடியதும் நிதானமாக விழட்டும் என்பது ஏற்பாடு.

முதல் மாடித் திருப்பத்தை எட்டியபோது, கீழே ஊன்றுகோலோடு நின்ற பரிபூரணத்துக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது.

"ஊர் திரும்பின நம்ம சாருக்கு எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். தூக்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் தட்டினார்கள். நாற்காலி தடாலென்று திருப்பத்தில் நேராக உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் அரண்டு நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவராக உருண்டு, பரிபூரணத்தையும் வாரிக்கொண்டு தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த தணிகாசலம் கண்கலங்கிக் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். நான் தயாராத்தான் இருந்தேன். இவங்கதான் முந்திக்கிட்டாங்க!"