இரண்டாவது உப்பு

நோன்பு மாதத்தில் ஒரு காலை நெய்னா மைதீன் பண்டாரி உயிர் பிரிந்து மௌத்தானார். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சோறு ஆக்கியவர். பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சியவர். செய்தி பரவியதும் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை.

உதுமான் கனி மட்டும் போகவில்லை.

அவரும் பண்டாரிதான். ஒரு காலத்தில் நெய்னாவோடு ஒரே அடுப்பில் நின்றவர். இப்போது அந்தப் பெயரை வாயால் சொல்வதையே விட்டு வெகு வருஷமாகிறது. ‘அந்த ஆளு’ என்பார். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். நெய்னாவின் மகன் ஹாஜா வாசலில் வந்து நின்றான். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான். அதோடு போகாமல் காலை மாற்றி மாற்றி நின்றான். பிறகு அத்தா கடைசியாகச் சொன்னதைச் சொன்னான். உதுமான் வந்து, பொருந்திக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கக் கூடாது என்றாராம்.

இறந்தவர்மேல் மனக்குறை உள்ளவர்கள், அதை விட்டுவிட்டேன் என்று மையத்தின் முன்னால், அந்த உடலருகே நின்று, சொல்வது அந்த ஊர் வழக்கம். மற்றவர்கள் எல்லாரும் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

செத்த பிறகும் நம்மைச் சபையில் இழுத்து நிறுத்துகிறாரே என்று உதுமான் கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் ஞானகுருவின் தைக்காவுக்கு நடந்தார்.

தைக்காவில் இருந்த சுலைமான் ஹஜ்ரத், உதுமான் கனியின் மகனை விட வயதில் இளையவர். உதுமான் கனி கையைப் பிடித்து முரீதானது பெரிய ஹஜ்ரத்திடம். அவர் போன பிறகு அவர் மகன் சுலைமான் அந்த இடத்துக்கு வந்தார். பிடித்த கையை வயதைப் பார்த்து விட முடியுமா? அவருக்கும் சீடராகவே இருந்துவிட்டார்.

நெய்னா படுத்ததிலிருந்து பள்ளிக் கஞ்சியை ஹஜ்ரத்தே தைக்கா முற்றத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். தாடியில் வியர்வை சொட்டியது. பெரிய தேக்சாவில் துடுப்பைப் போட்டுப் படகு வலிப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார்.

உதுமான் கனி ஸலாம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்.

“ஹஜ்ரத், மனசுல இல்லாததை வாயால சொன்னா நோன்பு கெடுமா?”

“நோன்பு இல்லாத நாள்ல சொன்னாலும் அது பொய்தானே, பாய்.”

“அப்ப நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேணாம்.”

உதுமான் கனி இதை எதிர்பார்க்கவில்லை. வாதாடத் தயாராக வந்தவருக்கு எதிராளி இல்லாமல் போன மாதிரி இருந்தது.

“சொல்லலன்னா மையத்தைத் தூக்க மாட்டாங்களாம்.”

“இல்லாததைச் சொல்ல வேணாம். இருக்கிறதைச் சொல்லுங்க. என்ன இருக்கு?”

அதற்குள் ஒரு வாசனை வந்தது. ஹஜ்ரத்துக்குத் தெரியாத வாசனை. உதுமான் கனி துண்டை இடுப்பில் கட்டினார்.

“தள்ளுங்க ஹஜ்ரத். அடி பிடிக்குது.”

துடுப்பு கைமாறியது. ஹஜ்ரத் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்துகொண்டார். உதுமான் கனி கஞ்சியைக் கிண்டக் கிண்ட, உள்ளே கிடந்ததும் மேலே வரத் தொடங்கியது.

அந்த ஆள் ஒரு நாளும் எங்களோடு உட்கார்ந்து தின்றதில்லை என்றார். ஐந்நூறு பேருக்கு ஆக்கி இறக்கிவிட்டுப் பண்டாரிகள் எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்காருவார்கள். அவர் மட்டும் தன் பங்கைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அங்கே பெண்டாட்டிக்கு நெஞ்சு வலி, நாலு பிள்ளைகள். எல்லாருக்கும்தான் பிள்ளை இருக்கிறது. நாங்கள் தின்னவில்லையா? அவர் எழுந்து போன பிறகு எங்களுக்குத் தொண்டையில் இறங்காது.

“ம்” என்றார் ஹஜ்ரத்.

பாங்கு சொன்னால் போதும், அடுப்பை என் தலையில் கட்டிவிட்டுத் தொழப் போவார். போனவர் சட்டென்று திரும்பி வந்துவிடுவார். ‘நீ போ உதுமான், நான் பார்த்துக்கிறேன்’ என்பார். அடுப்பு வேலையைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு தொழுகையும் தவறவில்லை. ஒரு பீடி நிம்மதியாகக் குடித்ததில்லை.

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். சிரிப்பை மறைத்தது போலவும் இருந்தது.

“வீட்டுலயும் நிம்மதி இல்ல, ஹஜ்ரத். கல்யாண வேலை முடிச்சு வந்து அந்த ஆளு துணி துவைப்பாரு. மூணு பொண்ணுகளுக்கும் தலை பின்னி விடுவாரு. எதிர் வீடு, என் சம்சாரம் கண்ணுல படாம இருக்குமா? ‘நெய்னாண்ணனைப் பாருங்க, நெய்னாண்ணனைப் பாருங்க.’ என் கல்யாண வாழ்க்கை முழுக்கக் கேட்டேன். அவ மௌத்தாகறதுக்கு முந்தின வாரமும் சொன்னா.”

“சரி. இதுக்காகவா பேசாம இருந்தீங்க?”

“இதெல்லாம் சில்லறை.” துடுப்பு நின்றது. “உப்பு விஷயம் இருக்கே.”

“கை நிக்கக் கூடாது பாய். அடி பிடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.”

மறுபடி கிண்டத் தொடங்கினார். ஊருக்கே தெரிந்த கதைதான். ஆனால் யாரும் அவர் வாயால் கேட்டதில்லை.

நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவன் உப்புப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிற ஆலிம்கள் உண்டு. இந்த இரண்டு பண்டாரிகளும் அதற்கும் சம்மதிக்க மாட்டார்கள். கண்ணும் கையும்தான் அளவு. அன்றைக்கு உதுமான் கனி பள்ளியின் ஹவுல் தொட்டி ஓரத்தில் கண் அசந்துவிட்டார். விழித்தபோது நெய்னா தொழுகைக்குப் போயிருந்தார். உப்புச் சட்டி தேக்சா பக்கத்தில் இருந்தது. போட்டிருக்க மாட்டார் என்று நினைத்து இவர் போட்டார். அவர் முன்பே போட்டிருந்தார்.

சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஊரே முதல் வாய்க் கஞ்சியைக் குடித்தது. பள்ளி முழுக்க முகம் சுருங்கியது. தண்ணீர்ப் பானைக்குத் தள்ளுமுள்ளு.

“ஜமாஅத்துக் கூட்டத்துல கேட்டாங்க. நான்தான்னு அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எழுந்திருச்சு, ‘முதல் உப்பு நான் போட்டேன். ரெண்டாவது உப்பு உதுமான் போட்டாரு. ஒருத்தரை ஒருத்தர் கேக்காம விட்டோம். தப்பு ரெண்டு பேருதும்’னாரு. ஊருக்கு அதுல ரெண்டாவது உப்பு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அதுவே எனக்குப் பேராப் போச்சு. என் மகளைப் பொண்ணு கேட்டு வந்தவங்க உதுமான் கனி வீடு எதுன்னு கேட்டா, ‘ரெண்டாவது உப்பு வீடா, அந்தா இருக்கு’ன்னு கை காட்டுறான் ஒருத்தன்.”

“அவர் சொன்னது பொய்யா?”

“பொய் சொல்லியிருந்தா நான் என்னைக்கோ மன்னிச்சிருப்பேன்.”

ஹஜ்ரத் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

“அதோட விட்டாரா? வருஷா வருஷம் தலைநோன்பு அன்னைக்கு முதல் கஞ்சி எடுத்து என் வாசலுக்கு வந்துடுவாரு. ‘உப்பு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லு, உதுமான்’னு கதவுக்கு வெளியே நின்னு சொல்லுவாரு. எவ்வளவு குத்தல் பாருங்க. நான் கதவைத் திறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நிப்பாரு. வாளியை வச்சுட்டுப் போயிடுவாரு.”

கஞ்சி குழைந்து, உப்புப் போடுகிற பதத்துக்கு வந்துவிட்டது. உதுமான் கனியின் கை தானாகச் சட்டிக்குள் போய்க் கல்லுப்பை அள்ளியது. ஆவிக்கு மேலே வந்ததும் அப்படியே நின்றது.

“ஹஜ்ரத், உப்புப் போட்டீங்களா?”

“இல்ல. போடுங்க.”

கை உடனே இறங்கவில்லை. கேட்க இவ்வளவுதான் நேரமானது. உப்பைப் போட்டார். கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹஜ்ரத் கேட்டார். “வாசல்ல வச்சுட்டுப் போற கஞ்சியை என்ன செய்வீங்க?”

உதுமான் கனி கஞ்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “குடிப்பேன். நோன்பு திறக்கக் கொண்டுவந்ததைக் கொட்டவா முடியும்?”

“உப்பு எப்படி இருக்கும்?”

“அந்த ஆளு கைக்கு என்ன குறை? சரியாத்தான் இருக்கும். எல்லா வருஷமும்.”

“அதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

உதுமான் கனி துடுப்பை எடுத்து மறுபடி கிண்டினார்.

அசர் பாங்கு கேட்டது. ஹஜ்ரத் எழுந்து கைலியை இறக்கிவிட்டார். விறகை இழுத்துப் போட்டு, தேக்சாவை மூடினார். “கேட்டவர் அங்க காத்துக்கிட்டு இருக்கார், பாய்” என்று மட்டும் சொன்னார்.

தொழுகை முடிந்து இருவரும் நெய்னாவின் வீட்டுக்குப் போனார்கள். கூட்டம் வழி விட்டது. உதுமான் கனியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கூடத்தில் சந்தூக்குக்குள் வெள்ளைத் துணியில் நெய்னா கிடந்தார். முகம் மட்டும் திறந்திருந்தது. அடுப்புச் சூட்டில் கருத்த அந்த முகம் இப்போதும் எங்கேயோ ஒரு தேக்சாவைக் கவனித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. திரைக்குப் பின்னால் பெண்களின் அழுகை தணிந்தது.

ஹாஜா கைகட்டி நின்றான். “மாமு, அத்தாமேல என்ன குறை இருந்தாலும்...”

“இருக்கு” என்றார் உதுமான் கனி. “உங்க அத்தா ஒரு நாளும் எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டதில்ல. தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடினாரு.”

திரைக்குப் பின்னாலிருந்து மூத்த மகளின் குரல் உடைந்து வந்தது. “அதைத் தின்னுதான் மாமு நாங்க வளர்ந்தோம்.”

உதுமான் கனி அடுத்த குறைக்குப் போகவில்லை. மெதுவாக முழங்காலை மடக்கி மையத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். காதருகே குனிந்தார். ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

“உப்பு சரியா இருந்துச்சு, நெய்னா.”

எழுந்து துண்டால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹாஜாவுக்குப் புரியவில்லை. அத்தாவின் சொல் மீறிப் போய்விடுமோ என்ற பயத்தில் ஹஜ்ரத்தின் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

“பொருந்திக்கிட்டேன்னு மாமு சொல்லலையே, ஹஜ்ரத்?”

ஹஜ்ரத் உதுமான் கனியைப் பார்த்தார். அவர் சந்தூக்கின் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக்கு ஆள் வரக் காத்து நின்றுகொண்டிருந்தார்.

“தூக்குங்க” என்றார் ஹஜ்ரத்.