உங்கள் கருத்துக்கு நன்றி

“என் ஊர்க்காரங்களுக்கு வாய் செத்துப்போச்சு சாமி” என்றபடியேதான் செண்பகவடிவு மடத்துக்குள் நுழைந்தாள்.

செண்பகவடிவு நொச்சியூர் பேரூராட்சியின் தலைவர். சாமி அவளைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் பேசாமலே இருந்ததால் மௌனச்சாமி என்று பெயர். விரதம் முடிந்து இப்போது நன்றாகவே பேசுகிறார். ஆனாலும் ஊர் வைத்த பெயரை யார் மாற்றுவது?

சாமி பாயைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குறை எல்லாம் கொட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை கலெக்டர் வருகிறார். ஊர்க் காரியங்களில் மக்கள் போனிலேயே யோசனை சொல்ல அவள் ஒரு செயலி கொண்டுவந்திருந்தாள். அதற்கு ‘ஊர்வாய்’ என்று பெயரும் வைத்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் வருகிறார். பிடித்துப்போனால் மாவட்டம் முழுக்க அதையே வைப்பார்கள் என்று பேச்சு. செண்பகவடிவுக்கு அதில் ஆசை உண்டு. ஆசையை அவள் மறைக்கவும் இல்லை.

ஆனால் செயலியில் ஈ காக்காய் இல்லை.

ஊர் எல்லையில் கட்டப்போகும் அலங்கார வளைவுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று அதில் கேட்டிருந்தாள். மஞ்சள், பச்சை, நீலம். செங்கல்கூட வந்து சந்தைத் திடலில் இறங்கிவிட்டது. ஊர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விழுந்திருந்த சொற்ப ஓட்டும் அவள் வீட்டுக்காரர் ஆள் மாற்றிப் போன் மாற்றிப் போட்டது. அந்த மனுஷர் ஒரு போனில் மஞ்சள் என்றார், இன்னொரு போனில் பச்சை என்றார். கள்ள ஓட்டிலும் அவருக்கு ஒரு நிலை கிடையாது.

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நொச்சியூரில் அது தானாக மூடிக் கிடந்தது.

“மொதல் தடவை கேட்டப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டார் சாமி.

இல்லை, அப்போது நல்ல கூட்டம் என்று அவள் ஒப்புக்கொண்டாள். சந்தைத் திடலில் என்ன கட்டலாம் என்பதுதான் முதல் கேள்வி. எழுதத் தெரியாதவர்கள்கூடப் பக்கத்துக் கடைக்காரரைப் பிடித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதிய ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று செயலி தானாகவே பதில் அனுப்பியது. பெரும்பாலும் ஒரே பதில்தான். பெண்களுக்கு ஒரு கழிப்பறை. சந்தை நாளில் விடிகாலையிலிருந்து இருட்டும்வரை காய் விற்கிறோம், தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைச் செண்பகவடிவு இரண்டு தடவை படித்தாள்.

“கட்டியாச்சா?”

“கட்டணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள செல்ஃபி பாயிண்ட் வந்துருச்சு சாமி. ஊர்ப் பேரை ஆளுயரத்துக்கு எழுதி, நடுவுல ஒரு இதயம். லைட்டு எல்லாம் எரியும். அழகா இருக்கு.”

சாமி தலையை ஆட்டினார்.

அவர் தலையாட்டியது அவளுக்கு வசதியாகப் போயிற்று. மக்களுக்கு இந்தச் செயலி எல்லாம் இன்னும் பழக்கமாகவில்லை, பதில் சொல்லவே தெரியவில்லை, வார்டு வார்டாகப் பயிற்சி முகாம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால்தான் சரிப்படும் என்று விளக்கினாள். காலை வணக்கத்தையும் ரோஜாப்பூவையும் விடியுமுன் அவளுக்கு அனுப்பிவைப்பதும் இதே மக்கள்தான். அது ஏனோ அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை.

“சாப்பிட்டீங்களா தலைவரம்மா?”

“இல்ல சாமி. சர்க்கரை மாத்திரையைப் போட்ட கையோட ஓடியாந்துட்டேன்.”

“என்ன சாப்பிடுறீங்க? உங்க விருப்பந்தான். சொல்லுங்க.”

மடத்தில் யாரிடமும் இப்படிக் கேட்கிற வழக்கமில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். தன்னை மட்டும் கேட்கிறாரே என்று செண்பகவடிவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடத்து இட்லி பஞ்சு மாதிரி இருக்கும் என்று வேறு கேள்விப்பட்டிருந்தாள்.

“ரெண்டு இட்லி போதும் சாமி.”

சாமி இரண்டு கையையும் கூப்பினார்.

“உங்கள் கருத்துக்கு நன்றி.”

எங்கேயோ கேட்ட வாசகமாக இருந்தது. யோசிப்பதற்குள் சமையற்காரர் பேச்சிமுத்து தட்டோடு வந்துவிட்டார். தட்டில் கேசரி. நெய் பளபளக்க, முந்திரி நட்டு, நடுவில் ஒரு திராட்சை.

“சாமி, நான் கேட்டது இட்லி.”

“ஆமா. ரொம்ப நல்ல யோசனை. இந்தக் கேசரியைப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குங்க.”

அவளுக்குச் சர்க்கரை நோய் என்பது நொச்சியூர் முழுக்கத் தெரியும். சாமிக்கு இப்போது சொல்லியும் ஆயிற்று. மாத்திரை உள்ளே போய் வேலையைத் தொடங்கியிருந்தது. சாமி கொடுத்ததைத் தட்டக்கூடாது என்று ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

சாமி முகத்தில் அவ்வளவு அக்கறை.

“அடுத்த கேசரிக்கு என்ன கலர் போடலாம் தலைவரம்மா? மஞ்சளா, பச்சையா, நீலமா?”

செண்பகவடிவுக்குக் கோபம் வந்தது. பசி வேறு. வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

சாமி சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

“பேச்சிமுத்து, இந்தம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியல போல. பாவம். ஒரு பயிற்சி முகாம் போட்டுருவமா?”

செண்பகவடிவுக்கு முதலில் காது சூடேறியது. பிறகு முகம். அதற்குப் பிறகு, தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறவளின் நினைப்பு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. நல்ல வெட்கம்.

போனை எடுத்துப் பேரூராட்சிச் செயல் அலுவலரைக் கூப்பிட்டாள்.

“வளைவுக்கு இறக்கின செங்கல் இன்னும் சந்தைத் திடல்லதான கிடக்கு?”

அங்கேதான் கிடக்கிறது, நாளைக்கு ஊர் எல்லைக்கு வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார் அவர்.

“ஏத்த வேணாம். வளைவு இல்லை. மன்றத்தைக் கூட்டுங்க, திடல்லயே கழிப்பறைன்னு தீர்மானம் போட்டுருவோம்.”

வெள்ளிக்கிழமை கலெக்டருக்குச் செயலியில் எதைக் காட்டுவது என்று அவர் பயந்த குரலில் கேட்டார்.

“செயலியைக் காட்ட வேணாம். கழிப்பறைக்கு வானம் தோண்டுறதைக் காட்டுங்க.”

போனை வைத்தாள். நிமிர்ந்தபோது எதிரே பேச்சிமுத்து நின்றிருந்தார். தட்டில் இரண்டு இட்லி, ஆவி பறந்தபடி.

“இதை எப்ப அவிச்சீங்க?” என்று கேட்டாள்.

“நீங்க கேட்டப்பவே வெந்துதாம்மா இருந்துச்சு” என்றார் பேச்சிமுத்து.